மேல்மேய்ச்சலிலிருந்து வந்த கோப்பு

பனி மூடிப் பாதை அடைபட்டுப்போன மேல்மேய்ச்சல் நிலையத்திலிருந்து அன்று பிற்பகல் வந்த கோப்பு மட்டும் பெரிதாக இருந்தது. வழக்கத்தைவிடப் பல மடங்கு.

பெர்மெட்டுக்கு முதலில் பயமில்லை, எரிச்சல்தான். நரின் ஆற்றங்கரையிலிருந்த அந்த நிலநடுக்க அலுவலகத்தில் எல்லோரும் புத்தாண்டு விடுமுறைக்குப் போய்விட, அவள் ஒருத்திதான் பொறுப்பு. மலையில் புதைத்த கருவிகள் மண்ணின் அதிர்வைப் பதிந்து அனுப்பும். அந்தப் பெரிய கோப்புகளை மணிக்கொரு முறை தானாகவே டேட்டாபேஸில் ஏற்றும்படி நேரம் குறித்து வைத்திருந்தார்கள். இன்று அந்த வேலை முடிகிற வழியாக இல்லை. கீழே சர்வர் அறையின் இரைச்சல் தரை வழியாக ஏறி வந்து தேநீர்க் கிண்ணத்தை நடுக்க, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் எங்கோ சொடுக்க, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகி ஆற்றுப்பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

ஏறி முடிந்ததும் வரைபடமாக்கிப் பார்த்தாள். நிலநடுக்கம் இல்லை. பனிச்சரிவும் இல்லை. சீரான காலடி. இடது, வலது, இடது, வலது. கருவியை நெருங்கி, கடந்து, கீழ்நோக்கிப் போயிருந்தது.

மலையில் பாதி வழியிலிருந்த நடு நிலையத்தில் பேட்டரி மாற்றப் போயிருந்த தொக்தோசுனைப் போனில் கூப்பிட்டாள். கருவிகளையெல்லாம் புதைத்தவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"குதிரை எதாவது தப்பி வந்திருக்கும். தனியா உக்காந்து உனக்கு மண்டை காய்ஞ்சு போச்சும்மா."

"குதிரைக்கு நாலு கால் இருக்குமே அண்ணே."

போனில் காற்று இரைந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய யாரோ நிக்கிறாங்க. இரு," என்றார். போனை வைக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம். அப்புறம் காற்றும் இல்லை.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மீட்புப் படைக்குச் சொன்னாள்; விடிந்தால்தான் மலையேற முடியும் என்றார்கள்.

அடுத்து வந்தது நடு நிலையத்தின் கோப்பு. இன்னும் பெரிது. ஏற்றுவதை நிறுத்தக் கை போனது. நிறுத்தினால் அவருக்கு என்ன ஆனதென்று தெரியாமலே போகும். விட்டாள்.

வரைபடத்தில், கதவருகே லேசான காலடி நாலைந்து. எதிரே பெரிய அடி இரண்டு. அதன்பின் பெரிய அடி மட்டும். முன்னைவிடக் கனமாக. ஊரை நோக்கி.

அதற்கடுத்த கோப்பு இந்த அலுவலகத்தின் அஸ்திவாரக் கருவியிலிருந்து வந்தது. அது ஏறிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள்.

வாசல். படிக்கட்டு. நடைவழி.

இந்த அறை.

காலடி அங்கே நின்றுவிட்டது. திரும்பிப் போன அடி எதுவும் இல்லை.

கோப்பில் இருந்தது கடந்துபோன ஒரு மணி நேரம். தாழ் இப்போதுதான் போட்டிருக்கிறாள்.

பெர்மெட் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மேலேயிருந்து ஒரு பனித்துகள் மெல்ல இறங்கி அவள் புறங்கையில் விழுந்தது. உருகவில்லை.

இன்னொன்று.