அடுப்புக் கைப்பிடியில் ஒற்றைத் தண்டை

அக்கா,

கப்பலேறும்போது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டு நீ எழுதிய மூன்று கடிதங்களும் இங்கே மலாயாவில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தன. இப்போது சொல்கிறேன். பகலில் படி. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்காதே.

1936 தை மாதம் மலையடிவாரத்துக் காரவள்ளியில் வண்டியை விட்டு இறங்கி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். போத்தனூரில் நான் பாய்லர் வேலை கற்றவன் என்று கேள்விப்பட்டு, மலைமேல் பல ஊர் சேர்ந்த குண்டூர் நாட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். வழி காட்ட வந்தவர் மாதேஸ்வரன். மிளகும் சாமையும் விளைவிக்கிறவர். வயது ஐம்பதுக்கு மேல். பேசிக்கொண்டே ஏறினார், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

எஞ்சின் பலா மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. முன்பு ஒரு மரக் கம்பெனி காட்டிலிருந்து மலை விளிம்பு வரை நான்கு மைலுக்குச் சின்னத் தண்டவாளம் போட்டு மரம் இழுத்திருந்தது. கம்பெனி போன பிறகு எஞ்சினைக் கீழே இறக்க வழியில்லை. முப்பத்தேழு வருடமாக அதே இடத்தில் நின்றது. மலைக்காரர்கள் அதைக் கருப்பி என்றார்கள்.

"தலச்சொமை தூக்கியே எங்க சனத்துக்குக் கழுத்து உள்ள போயிருச்சு சாமி," என்றார் மாதேஸ்வரன். "இவ நாலு மைலு ஓடுனாப் போதும். மிச்சத்த எறங்கிக்குவோம்."

விறகு எரிக்கும் எஞ்சின். அடுப்பு வாய் அகலம். ஒடிசலான ஆள் உடம்பைக் குறுக்கினால் உள்ளே போய்விடலாம். நான் தலையை நுழைத்ததும் மாதேஸ்வரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பொறு கண்ணு. சாம்பல் சொரண்ட உள்ள போறவங்க, தம்மேல இருக்கிற ஒண்ணக் கழட்டி அந்தக் கதவுக் கைப்பிடில மாட்டோணும். அவங்களே வெளிய வந்து எடுக்கற வரைக்கும் எவனும் தீ வெக்கக் கூடாது. கம்பெனி காலத்துச் சட்டம்."

என் வலது காதுக் கடுக்கனைக் கழற்றி நூலில் கட்டி மாட்டினேன். நீ என் காதில் போட்டு அனுப்பியது.

உள்ளே பழைய சாம்பல் கெட்டிப்பட்டுக் கிடந்தது. சுரண்டச் சுரண்ட ஒரு வாசனை வந்தது.

தேன்மெழுகு வாசனை.

வெளியே வந்து கடுக்கனை எடுத்துப் போட்டுக்கொண்டு மற்றதைப் பார்த்தேன். அச்சைத் தாங்கும் பித்தளைகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. நீராவியில் கூவும் ஊதலையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். புதிதாக வார்க்க உலோகம் வேண்டும். நாடு முழுக்க வசூல் கிளம்பியது. வீட்டுக்கு ஒரு பாத்திரம். கும்பா, செம்பு, உடைந்த மணி, விளக்கு என்று கொட்டகை வாசலில் குவிந்தது. ஒருத்தி பெரிய வெண்கலக் கும்பாவைத் தூக்கி வந்து போட்டாள்.

"இது எங்க மாமியாளுது. ஊதலுக்கு இதையே உருக்குங்க. ஏழு மலைக்கும் கேக்கும்."

"மாமியா இருக்குதா, போயிருச்சா?" என்று எவரோ கேட்க, "அதா, பொறத்தால வருதுல்ல" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் டோலியில் வந்து இறங்கினார் ஆறுமுகசாமி. உனக்குத் தெரியுமே, சேந்தமங்கலத்தில் பெரிய மண்டி வைத்திருந்தவர். இளவயதில் இதே மரக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர். செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் ஊதலை அவர்தான் இழுக்க வேண்டும். எனக்கும் ஒன்று சொன்னார். வேலை முடிந்தால் மலாயாவில் தன் உறவுக்காரரிடம் என்னைச் சேர்த்துவிடுவாராம். அக்கா, அந்தச் சொல்லுக்காகவே நான் இரண்டாள் வேலை பார்த்தேன்.

வார்ப்புக்கு வந்திருந்த கருப்பண்ணன் உலையை மூட்டியதும், ஆறுமுகசாமி மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். ஒற்றை வெண்கலத் தண்டை. உள்ளே பரல் இருந்தும் ஆட்டினால் சலங்கைச் சத்தம் வரவில்லை. கட்... கட்... என்று அடைத்த சத்தம்.

"ஒத்தைல இருக்குது. ஜோடி எங்கீங்க?" என்றான் கருப்பண்ணன்.

"செத்துப்போன அத்தையோடது. கேள்வி கேக்காம உருக்குடா."

தண்டை, உலோகம் உருக்கும் மண் குகைக்குள் விழுந்தது. குப்பென்று தேன்மெழுகு வாசனை எழுந்தது. அது உருகித் தண்ணீராவதை என் கண்ணால் பார்த்தேன். ஆறுமுகசாமியும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பல வருடச் சுமையை இறக்கியவர் மாதிரி இருந்தது.

அந்த வெண்கலத்தில்தான் ஊதலை வார்த்தோம்.

பாய்லர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தெரியாமல் நீராவி ஏற்ற முடியாது. கம்பெனியின் பழைய காகிதங்கள் சேந்தமங்கலத்தில் ஒரு கட்டடத்துப் பரணில் கிடப்பதாகச் சொன்னார்கள். இறங்கி வந்து நான்கு நாள் தேடினேன். உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தும்மிக்கொண்டே இருந்தேனே, அந்த நான்கு நாள்தான். நான்காம் நாள் கொட்டகைப் பதிவேடு கிடைத்தது. அழுத்தக் கணக்கு முதல் பக்கத்திலேயே இருந்தது. அத்தோடு மூடியிருக்கலாம்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

உள்ளே போனவர், அடையாளம், வெளியே வந்தது, தீ வைத்தது என்று நான்கு கட்டங்கள். எல்லா வரியும் நிறைந்திருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி:

உள்ளே போனவர்: பொன்னாயி. அடையாளம்: இடது கால் தண்டை. வெளியே வந்தது:

ஒன்றுமில்லை.

தீ வைத்தது: மேஸ்திரி ஆறுமுகசாமி.

பக்கத்து ஓரத்தில் குமாஸ்தா சின்ன எழுத்தில் குறித்திருந்தார். கூலிப் பெண்களிடம் மேஸ்திரி கை நீட்டுவதாக முந்தின நாள் பொன்னாயி துரையிடம் புகார் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை விசாரணை. அந்தக் காலையில் அவள் வரவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

நான் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடம் சொல்வது? சொன்னால் பணம் நின்றுபோகும். நாடே பாத்திரத்தைப் போட்ட வேலை பாதியில் நின்றுபோகும். என் கப்பலும் போய்விடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் சொன்ன இரண்டும் சாக்கு, அக்கா.

மலைக்குத் திரும்பிய அன்று கொட்டகை வாசலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் அத்தாயி. தலை பாதி நரைத்திருந்தது. வலது காலில் மட்டும் தண்டை. எழுந்து வந்தபோது கட்... கட்... என்றது.

"உலை மூட்டுன அன்னிக்கு மெழுகு வாசம் எங்க காடு வரைக்கும் அடிச்சுது சாமி. எங்கய்யன் தேனெடுக்கறவரு. சத்தம் கேட்டா தேனீ கலையும்னு தண்டைக்குள்ள மெழுக ஊத்தி அடைச்சாரு. ஒரு ஜோடிதான். அக்காளும் நானும் ஆளுக்கொண்ணு போட்டுக்குவோம்."

கருவிப் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"அக்கா ஓடிப்போன ஊடுன்னு என்னைய ஒருத்தரும் கட்டல. எங்கய்யன் தலைகுனிஞ்சே செத்தாரு. நீ கம்பெனி நோட்டைப் படிச்சியாமே. அதுல பொன்னாயின்னு ஒரு பேரு இருக்குதா?"

தாள் என் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

"இல்லீங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கட்... கட்...

அன்றிலிருந்து கருப்பி தீயை ஏற்கவில்லை.

காய்ந்த விறகுதான். கதவு திறந்திருக்கும்வரை நன்றாக எரியும். மூடிய மறுநிமிடம் அணைந்துவிடும். திறந்தால் விறகின் மேல் ஈரச் சாம்பல் அப்பியிருக்கும். புகைபோக்கியில் அடைப்பு என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அடைப்பே இல்லை.

ஒரு மதியம் சாப்பிடப் போகாமல் கொட்டகையில் தனியாக நின்றேன். அடுப்புக்குள்ளே யாரோ சுரண்டுகிற சத்தம். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தமில்லை.

நகம்.

மெதுவாக. பொறுமையாக. வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன் என்பது போல.

"யாருங்க உள்ள?"

சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக, கட் என்று ஒரு முறை.

நான் ஓடினேன். ஆனாலும் சொல்லவில்லை.

அடைப்பை எடுத்துவிட்டேன் என்று நான் பொய் சொன்னதை நம்பி, மாசி மாதம் ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். விடிந்து வெகுநேரமாகியும் பனி கலையவில்லை. கொட்டகையைச் சுற்றி நானூறு பேர் இருப்பார்கள். எஞ்சினுக்கு மாலை போட்டு, பொங்கல் வைத்து, சேவல் அறுத்தார்கள். ஆறுமுகசாமி பட்டு வேட்டியில் ஊதல் கயிற்றுக்கு அருகில் நின்றார். நான் தீப்பந்தத்தோடு அடுப்பை நெருங்கினேன்.

கைப்பிடியில் ஒற்றைத் தண்டை தொங்கிக்கொண்டிருந்தது.

காற்றில்லை. ஆனால் அது ஆடியது.

மாதேஸ்வரன் என் கையிலிருந்த பந்தத்தை வாங்கித் தண்ணீரில் போட்டார். "உள்ள ஆரு?" என்று கத்தினார். நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் ஆட்களை எண்ணினார்கள். எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள். யாரும் தண்டையைத் தொடவில்லை. உள்ளே போனவர் எடுக்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தாயி முன்னால் வந்தார். தன் வலது காலைப் பார்த்தார். தண்டை காலிலேயே இருந்தது.

"அது எங்க அக்காளுது," என்றார்.

ஆறுமுகசாமியின் முகம் வெளுத்தது. பிறகு சிரிக்க முயன்றார். "நாலு காசுத் தண்டைய எவளோ மாட்டிட்டா, நானூறு பேரும் வாயப் பொளந்துட்டு நிக்கறீங்க. உருகுனது திரும்பி வருமா?"

அவரே சொல்லிவிட்டார், அக்கா. உருகியது என்று.

"ஏனுங்க மேஸ்திரி, வேண்டாங்க," என்றார் மாதேஸ்வரன். "நீங்க உள்ள போகலீங்க. நீங்க எடுக்கக் கூடாதுங்க."

ஆறுமுகசாமி தண்டையைப் பிடுங்கிப் பனிக்குள் எறிந்தார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. கதவைத் திறந்தார். "பாருங்கடா, வெறும் அடுப்பு!" என்று தலையை உள்ளே நீட்டினார்.

தலை. தோள்.

அதற்குமேல் அவர் போகவில்லை. இழுக்கப்பட்டார்.

பட்டு வேட்டியும் இரண்டு பாதங்களும் வெளியே ஒரு நொடி உதைத்துக்கொண்டன. நானும் மாதேஸ்வரனும் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தோம். கொதிக்கிற இரும்பைத் தொட்டது போலிருந்தது. விட்டுவிட்டோம். கதவு மூடியது. தாழ்ப்பாள் தானே விழுந்தது.

பாய்லரில் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. தீ இல்லை.

ஊதல் ஊதியது.

அது நீராவிச் சத்தம் இல்லை. ஒரு பெண் முப்பத்தேழு வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. நானூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். அத்தாயி மட்டும் நிமிர்ந்து நின்று, ஊதல் ஓயும்வரை கேட்டார்.

கடப்பாரை போட்டுக் கதவைத் திறந்தோம். உள்ளே ஒரு கைப்பிடிச் சாம்பல்.

ஆறிப்போன சாம்பல்.

அன்று மாலை அத்தாயி என்னிடம் வந்தார். "இப்பவாச்சும் சொல்லு சாமி. பேரு இருந்துதா, இல்லியா? சபைல நீ படிச்சாத்தான் எங்க ஊட்டுப் பழி போகும்." கீழேயிருந்து போலீஸ் ஏறி வந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. தாள் என்னிடம் இருந்தது என்றால், நானே திட்டம் போட்டதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். விடியட்டுங்க, சொல்கிறேன் என்றேன். விடியுமுன் மலை இறங்கிவிட்டேன். நாகப்பட்டினம் போய், கூலிக்குப் போகிறவர்களோடு சேர்ந்து கப்பலேறினேன். உன் தெரு வழியாகத்தான் போனேன், அக்கா. நிற்கவில்லை.

இங்கே ரப்பர் ஆலையில் பாய்லர் வேலை. ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. போன வாரத்திலிருந்து பாய்லர் அறையில் மெழுகு வாசனை. மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. நேற்று அடுப்புக் கதவைத் துடைக்கும்போது, அந்தப் பக்கம் நகம் உரசியது.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே குண்டூர் நாட்டுக்குப் போ. சபையைக் கூட்டச் சொல்லி, அத்தாயி முன்னால் சத்தமாகப் படி. பொன்னாயி ஓடிப்போகவில்லை என்று சொல். அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மடிப்பதற்காக இப்போதுதான் தாளைப் பிரித்தேன். பொன்னாயியின் வரிக்குக் கீழே, நேற்றுவரை வெறுமையாக இருந்த இடத்தில், கரியால் புதிதாக ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்து இல்லை.

உள்ளே போனவர்: ராசாமணி. அடையாளம்: வலது காதுக் கடுக்கன். வெளியே வந்தது:

காதைத் தொட்டுப் பார்த்தேன். கடுக்கன் இல்லை.

தாள் உன் கைக்கு வரும்போது அந்தக் கட்டத்தை மட்டும் முதலில் பார், அக்கா.

உன் தம்பி,
ராசாமணி