வாய்க்கரிசியோடு போன காசு

“இந்தக் காசின்ர ஓரத்தில தேஞ்ச கறுப்பைப் பாரும் கௌரி. இது பல்லுப் பட்ட இடம்.”

“ஆற்ற பல்லு?”

“செத்தவற்ற பல்லுத்தான். அந்த ஊர்களில ஆளைப் புதைக்கேக்க நாக்குக்குக் கீழ ஒரு காசு வைச்சு விடுவினம். செத்தாப்பிறகு ஒரு ஆறு கடக்க வேணும். தோணிக்காரனுக்கு அது கூலி.”

“அப்ப அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தா அந்த மனுசன் என்னண்டு போறது?”

“போகேலாது. கரையில நிண்டு, வாற போற ஆக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.”

“சும்மா பகிடி விடாதேங்கோப்பா. என்ர தோசைமாவுக்குப் பக்கத்தில வைக்கிற சாமானே இது? கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ.”

“ஆரிட்டக் குடுக்கிறது? விலாசம் தெரிஞ்சாச் சொல்லும், கூரியரில போடுறன்.”

சொல்லிவிட்டுக் கௌரியின் புருசன் இராசநாயகம் தோள் குலுங்கச் சிரித்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த அந்தப் பழைய மரவீட்டின் சமையலறையில், யன்னல் ஓரமாக அவருடைய சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வடித்த தண்ணீரில் ஒரு காசு ஊறிக்கொண்டிருந்தது. வேலையால் வந்ததும் வராததுமாகத் தண்ணீரை மாற்றுவார். பிறகு பல் குத்தும் குச்சியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, அடியில் இருக்கும் முகத்தை வெளியே கொண்டுவருவார். தங்கக் காசில் அவருக்கு ஆசையில்லை. ரோமர் ஆண்ட காலத்தில் தூரத்து ஊர்கள் தங்கள் சந்தைக்கென்று அடித்த வெண்கலக் காசுகள்தான் அவருக்கு உயிர். ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் அந்த ஊரின் தெய்வமோ ஆறோ பழமோ. சீடே, பெர்கே, நைசியா என்று அவர் சொல்லும்போது கொக்குவில், கோண்டாவில் என்று பக்கத்து ஊர்களைச் சொல்வது போலிருக்கும்.

பல்லுப் பட்ட காசு சீடேயில் அடித்தது. மாதுளம்பழத்தைக் கையில் ஏந்திய ஒரு பெண்தெய்வம் அதில் நின்றாள்.

அவர் அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் கௌரிக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கும். காசுக்காரர் கூடும் இடங்களுக்கு அவர் சிட்னி வரைக்கும் தனியாகவே போய் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று ஒரு வசனம், அவ்வளவுதான். அவராகக் கேட்கட்டும் என்று ஒரு சின்ன ரோசம். பிறகு வீட்டு மோர்ட்கேஜ் கடன், மகள் பிரணவியின் படிப்பு, கடைசியில் அவருடைய முழங்கால் சத்திரசிகிச்சை. அந்த வசனம் அவளுடைய நாக்கின் அடியிலேயே கிடந்துவிட்டது.

இலையுதிர் காலத்தின் ஒரு நாள், போத்தலில் தண்ணீர் மாற்றிக்கொண்டு நின்றபடியே இராசநாயகம் சரிந்து விழுந்தார். அம்புலன்ஸ் வந்தபோது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வந்த சனமும் கலைந்து, பிரணவி வெலிங்டனுக்குத் திரும்பிப் போன பிறகுதான் கௌரி முதல் அரிசியை மிதித்தாள்.

அந்த நாட்டில் குளிர்காலமான ஜூலை மாதத்து மழைநாள் அது. நியூ லின்னில் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு, ரயிலில் ஈரக் குடைகளுக்கு நடுவே நசுங்கி வந்து இறங்கியபோது ஆறு மணிகூட ஆகவில்லை, ஆனால் தெரு கன்னங்கரேல் என்றிருந்தது. நனைந்த சப்பாத்தையும் காலுறையையும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடைகூடத்தில் இரண்டடி வைத்தாள். உள்ளங்காலில் ஏதோ ஒட்டியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பச்சையரிசி மணி.

வீட்டில் பச்சையரிசி இல்லை. செத்தவீட்டுக்கு வாங்கியதில் மிஞ்சியதை மைத்துனர்தான் கையோடு கொண்டுபோனார். மூலையில் எங்கேயோ கிடந்து இப்போது வெளியே வந்திருக்கும் என்று நினைத்து குப்பையில் போட்டாள்.

அடுத்த நாளும் கிடந்தது. அதற்கடுத்த நாள் நடைகூடத்தின் பாதி வரைக்கும் இடைவெளி விட்டு விட்டுக் கிடந்தது. வாசலிலிருந்து தொடங்கி, அவர் காசுத் தட்டுகளை வைத்திருந்த காசு அறையை நோக்கி. குனிந்து பொறுக்கியபோது அவளுக்கு விரல் கூசியது. அரிசி காய்ந்திருக்கவில்லை. ஊறி, வெளுத்து, ஓரம் மழுங்கி, கனநேரம் வாயில் வைத்திருந்து துப்பியது போல் வழுவழுவென்றிருந்தது. அதோடு ஒரு மணம், நீர் வற்றிய நேரத்தில் புளொக்ஹவுஸ் பே கடற்கரையில் எழும்பும் சேற்று மணம். யன்னல்களைத் திறந்து வைத்தாள். மழைக்காற்று வந்தது, மணம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரணவி தொலைபேசியில் எடுத்தாள்.

“அம்மா, ஹவ் வோஸ் வேர்க்?”

“வழமைபோலதான் பிள்ளை. இஞ்ச சரியான மழையும் காத்தும்.”

“நீங்க இங்க வாங்கோ. அந்த வீடு டூ பிக் ஃபோர் யூ. அப்பான்ர கொயின்ஸை, அவரை மாதிரியே காசு சேர்க்கிற அந்த ரஜிதன் அங்கிளுக்குக் குடுங்கோ, ஹீ வோன்ட்ஸ் தெம்.”

“பார்ப்பம். நீ நேரத்துக்குச் சாப்பிடுறனியே?”

“யெஸ், அம்மா. நீங்க இப்ப என்ன சாப்பிடுறீங்க?”

“நான் ஒண்டும் சாப்பிடேல்லையே.”

“பொய். ஐ கேன் ஹியர் இட். கறுக் கறுக் எண்டு கேக்குது. முறுக்குச் சுட்டனீங்களா? எனக்கு அனுப்பேல்ல பாருங்கோ!”

மகள் சிரித்தாள். கௌரி தொலைபேசியைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள்.

கூரைத் தகரத்தில் மழை. கிளை ஒன்று பக்கச் சுவரில் உரசும் ஓசை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல். அவற்றுக்கெல்லாம் அடியில், அவசரமில்லாமல், கல்லைக் கல்லால் நொறுக்குவது போல, யாரோ பச்சையரிசியைச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

காசு அறையில்.

“பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்,” என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனாள்.

அறைக்கதவு சற்றே திறந்திருந்தது. அவள் கை வைத்ததும் சப்பும் ஓசை நின்றது. மின்விளக்கைப் போட்டாள். நாற்காலி, பூதக்கண்ணாடி, அவர் குளிருக்குப் போடும் நீலச் சுவெட்டர். மேசையில் காசுத் தட்டு. பச்சை வெல்வெட்டில் வட்ட வட்டமாகக் குழிகள், குழிக்கு ஒரு காசு. நடுவில் ஒரு குழி மட்டும் வெறுமையாக இருக்க வேண்டும். சீடேக் காசின் குழி.

அது வெறுமையாக இல்லை. விளிம்பு தட்டும்படி அரிசியால் நிரப்பப்பட்டிருந்தது.

கௌரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காசு எங்கே போனது என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

செத்தவீட்டன்று, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் குளிர்ந்த மண்டபத்தில், பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வாய்க்கரிசி போட்டார்கள். அவள் முறை வந்தது. அள்ளிய அரிசிக்குள் அந்தக் காசையும் ஒளித்து வைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கையை வாயோடு சேர்த்து வைத்து, விரலால் உள்ளே தள்ளிவிட்டாள். பாசத்தில் செய்ததுதான். மனுசன் ஆசையாக வைத்திருந்த சாமான், கூடவே போகட்டும். அங்கே தோணி என்று ஒன்று இருந்துவிட்டால், அவர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது.

சாம்பல் வந்தபோது, கடலில் கரைக்கக் கொடுக்குமுன் இரகசியமாகக் கையை விட்டுத் துழாவினாள். காசு இல்லை. உருகிய கட்டிகூட இல்லை. தீயில் போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது அந்தக் குழியில் ஊறி வெளுத்த அரிசியைப் பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஒரு காசு ஒரு ஆளுக்குத்தான் கூலி. அந்தக் காசுக்கு உரிய ஆள் ஏற்கெனவே கரையில் காத்து நிற்கிறான். அவனுடைய காசை வாயில் வைத்து, அவனிடமே தன் புருசனை அனுப்பியிருக்கிறாள்.

அவர் போய்ச் சேர்ந்தாரா?

அது தெரியாமல் இந்த வீட்டை விட்டு அவளால் எங்கும் போக முடியாது.

காற்று வீட்டை ஒருமுறை தூக்கிக் குலுக்கியது. விளக்கு அணைந்தது. தெருவிளக்கும் போனது. முன்கதவின் நிறக்கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இருளில் மூழ்கின.

முன்கதவு திறக்கவில்லை. ஆனால் அதற்கு உள்ளே, நடைகூடத்தின் தொடக்கத்தில், பலகை ஒன்று முனகியது.

ஒரு அடி.

இன்னொரு அடி.

ஈரக் கால். வெறுங்கால். பலகையில் பதிந்து, உரிந்து, மறுபடி பதிந்தது. கௌரி அறை வாசலுக்கு வந்தாள். பயத்தை விடப் பெரிய ஒன்று அவளைத் தள்ளியது. இத்தனை நாளும் தனியாகப் படுத்து எழும்பிய ஒருத்தியின் ஆசை அது.

“நீங்களே?”

அடிகள் நின்றன.

சேற்று மணம் முகத்தில் அடித்தது. நடைகூடத்தின் அந்தத் தலைப்பில், இருட்டை விட அடர்த்தியாக ஒரு உருவம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய உயரம்தானா? தெரியவில்லை. அவருடைய தோளா? தெரியவில்லை.

மறுபடி ஒரு அடி. மறுபடி. சீராக.

சீராக.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் இடக்காலை இழுத்துத்தான் நடப்பார். ஒரு அடி, ஒரு இழுவை. அந்த ஓசையைக் கேட்டுத்தான் அவள் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். இந்தக் கால் இழுபடவில்லை. அங்கே போனவருக்கு முழங்கால் நோவு இருக்காதுதானே. இருக்காது. மாறியிருக்கும்.

“என்னப்பா, கதையுங்கோவன்.”

பலகையில் அரிசி கொட்டியது. கொஞ்சமாக, பிறகு பொலபொலவென்று. வாய் நிறைய அரிசி. அதனால்தான் பேச முடியவில்லை. பாவம். அவள் போட்ட அரிசிதானே.

இரண்டு கை தூரம்.

கௌரி அழுதாள். ஏலாமைகூடக் கலந்த அழுகை. இந்த வீடு, இந்தத் தட்டு, யாருக்கும் வேண்டாத இந்தப் பின்னேரங்கள். அவர் மறுபடி திரும்பிப் போய்விடுவார், அவளை விட்டுவிட்டு. எப்போதும் போல. இந்த முறை ரோசம் பார்க்கவில்லை.

“என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள்.

சொல்லிவிட்டு உதட்டை மூடினாள்.

நாக்கின் அடியில் ஏதோ இருந்தது. குளிர்ந்து. வட்டமாக. ஓரத்தில் ஒரு சின்னத் தேய்வு, பல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி. அவளுடைய பல் அதில் போய்ப் பொருந்தியது.

அப்போது முதுகுக்குப் பின்னால், அவள் விட்டுவந்த அறைக்குள், நாற்காலி உருண்டு விழுந்தது. ஒரு அடி, ஒரு இழுவை. ஒரு அடி, ஒரு இழுவை. வேகமாக. அந்தக் காலால் ஒருநாளும் ஓடியிராத வேகமாக, அவளை நோக்கி.

இஞ்சேருங்கோ என்று அவரைக் கூப்பிட்டுக் கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

முன்னால் நின்றவன் மிச்ச அரிசியை விழுங்கிவிட்டு, ஈரக் கையை நீட்டினான்.