செத்தவனுக்கு ஒரு கப் கோதுமை

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

ரிசப்ஷன் போன் அலறியது.

ராலிட்சா குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஹோட்டல் கலினா. சொல்லுங்க."

"ரூம் பதினாலு. வெந்நீர்... இல்லை."

செத்துப்போய்ப் பத்து வருஷமான ஒருத்தன் வெந்நீர் கேட்கிறான் என்பது அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியாது!

"பைப்பைத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்க சார். தானா வரும்."

"விட்டாச்சு. ஐஸ்தான் வருது."

"இதோ வரேன் சார்."

சோபியா நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கலினா ஹோட்டலில் லிஃப்ட் கிடையாது. ஜன்னல் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. வாடகை மட்டும் மலிவு. யார், எவர், எதற்கு வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். மேனேஜர், ரிசப்ஷன், பிளம்பர் எல்லாம் ராலிட்சாதான்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். கதவைத் தட்டினாள்.

மார்ட்டின் கெல்லர், ஆஸ்திரியாக்காரர், நேற்று வந்தவர். பாஸ்போர்ட் அப்படித்தான் சொன்னது. நேற்று அவள் பார்த்தபோது தொப்பியும் பெரிய கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருந்தார்.

இப்போது இரண்டும் இல்லை. இடுப்பில் துண்டு. ஈர முகம்.

இடது புருவத்தை இரண்டாக வெட்டிப் போட்ட பழைய தழும்பு!

ராலிட்சா அதையே வெறித்துப் பார்த்தாள்.

"என்ன... பார்க்கறீங்க?"

"ஒ... ஒண்ணுமில்லை சார். வால்வு... வால்வைத்தான் பார்த்தேன்."

வால்வைத் திருகினாள். வெந்நீர் ஆவியோடு கொட்டியது.

"குட். பன்னிரண்டு மணிக்கு எனக்கு டாக்ஸி. ஏர்போர்ட்."

"சொல்லிடறேன் சார்."

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகம்! அந்தப் புருவம்! வருஷா வருஷம் ஊரில் கதவுக்குக் கதவு, கம்பத்துக்குக் கம்பம் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமான முகம். தாடி வைத்தால் என்ன, தலையைச் சிரைத்தால் என்ன?

ப்ளாமென் கராஜோவ்!

பத்து வருஷத்துக்கு முன், அவள் சொந்த ஊரான வ்ராட்சாவின் மலைப்பாதையில் ஒரு கார் எரிந்தது. உள்ளே ஒரு பிணம், கரிக்கட்டையாக. விரலில் ப்ளாமெனின் மோதிரம். "ஐயோ, என் புருஷன்தான்!" என்று அவன் மனைவி ஸ்தேஃப்கா மார்பில் அடித்துக்கொண்டு அடையாளம் சொன்னாள். இன்ஷூரன்ஸையும் வாங்கிக்கொண்டாள்.

அதே நாளில் காணாமல் போனவன் ப்ளாமெனின் கூட்டாளி வெசெலின். இரண்டு பேரும் சேர்ந்து மர மில் நடத்தினவர்கள்.

கூட்டாளியைக் கொளுத்திவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

வெசெலின், ராலிட்சாவின் கூடப்பிறந்த அண்ணன்.

அப்போது அவள் ஸ்பெயினில் ஹோட்டல் ஹோட்டலாகக் கழிவறை கழுவிக்கொண்டிருந்தாள். ப்ளாமென் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் திரும்பி வந்தபோது, அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீசை அம்மாவின் வீட்டு வாசல் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். கொலைகாரனைப் பெற்றவள் என்று அம்மாவின் மேல் துப்பினார்கள். அம்மா செத்தபோது சவப்பெட்டி தூக்கக்கூட ஆள் வரவில்லை.

அண்ணன் தலையில் கட்டிய கொலைகாரப் பட்டத்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்கி, உரியவன் கழுத்தில் இறுக்க வேண்டும். பத்து வருஷமாக அவள் சோறு தண்ணீர் உண்டு உயிரோடிருப்பது அதற்குத்தான்.

போனை எடுத்தாள்.

"கோச்செவ் சார்! ப்ளாமென் என் ஹோட்டல்ல இருக்கான்!"

இன்ஸ்பெக்டர் கோச்செவ் மறுமுனையில் கொட்டாவி விட்டார். அந்தக் கேஸை விசாரித்தவர். இப்போது சோபியாவுக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

"செத்தவனா? பில்லு எந்தப் பேர்ல போட்டே?"

"கிண்டல் பண்ணாதீங்க சார்! புருவத்துல அதே தழும்பு!"

"எனக்குக்கூட புருவத்துல தழும்பு இருக்கும்மா. என் பொண்டாட்டி மாவு தேய்க்கிற கட்டையால போட்டது."

"சார்...!"

"சரி, அழாதே. அவன்கிட்ட என்ன பாஸ்போர்ட்?"

"ஆஸ்திரியா."

"நம்ம பாஷை பேசறானா?"

"ஒரு வார்த்தை இல்லை. இங்கிலீஷ்தான். அதையும் அரைகுறையா பேசறான்."

"போச்சு. வெளிநாட்டுக்காரன் கையைப் பிடிச்சு ரேகை எடுத்தா, நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. அவன் நம்ம ஊர்க்காரன்னு மட்டும் காட்டு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"எப்படி சார் காட்டறது?"

"அது உன் சாமர்த்தியம்."

ராலிட்சா சமையலறைப் பக்கம் திரும்பினாள். அடுப்பு மேடையில் ஒரு பெரிய பாத்திரம். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை, உடைத்த வால்நட்.

இன்று செத்தவர்களுக்கான சனிக்கிழமை. அம்மாவுக்காக அவளே வேகவைத்தது.

அவள் கண்கள் பளிச்சிட்டன!

இன்று யார் இந்தக் கோதுமையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றி சொல்லக் கூடாது. 'ஆண்டவன் மன்னிக்கட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும். கூடக் கொடுக்கும் ஒயினில் முதல் சொட்டு தரைக்கு, செத்தவர்களுக்கு. அப்புறம்தான் வாய்க்கு. நடக்கப் பழகும் வயதிலிருந்தே கைக்கு வந்துவிடுகிற பழக்கம். பெயரை மாற்றலாம், தலையை மொட்டையடிக்கலாம். கையை என்ன செய்வான்?

"சார்... காலை டிபனுக்கு இங்கே வர்றீங்களா?"

"இப்பவா? எனக்கு ஆபீஸ்ல..."

"ஓசி சார்."

"வண்டியில ஏறிட்டேன்!"

*

சாப்பாட்டு அறையில் மூன்றே மேஜைகளில் ஆள் இருந்தது. ஒன்றில் டென்மார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதி. மூலையில் சாதாரண உடையில் கோச்செவ், சீஸ் வைத்த பனிட்சா ரொட்டியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் கெல்லர், மறுபடி தொப்பியும் கண்ணாடியுமாக. காலடியில் பெட்டி.

ராலிட்சா தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தட்டோடு வந்தாள்.

முதலில் டென்மார்க் மேஜை.

"எங்கம்மா ஸ்டோயான்காவுக்காக" என்றாள் பல்கேரிய மொழியில்.

"தேங்க் யூ! தேங்க் யூ!" என்றார் கிழவர். "ஸ்டோயான்கா! அதான் இந்தப் பண்டத்தோட பேரா? பிரமாதம்!"

"சியர்ஸ்!" என்று கிழவி அவர் கிளாஸில் கிளாஸை இடித்தாள்.

மூலையில் கோச்செவுக்குப் புரையேறியது.

அடுத்து... ஜன்னல் மேஜை.

கோதுமைக் கப்பை வைத்தாள். ஒயினை வைத்தாள்.

"எங்கம்மா ஸ்டோயான்காவுக்காக."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"தேங்க் யூ" என்றான்.

பாவி, உஷாராக இருக்கிறான்!

கோச்செவ் உதட்டைப் பிதுக்கினார்.

அவள் காலித் தட்டோடு திரும்பினாள். அப்போது அவன் செல்போன் டிங் என்றது. ஏதோ மெசேஜ். அதைப் படித்ததும் அவன் முகம் மலர்ந்தது. படித்துக்கொண்டே, இடது கையால் ஒயின் கிளாஸை எடுத்தான்.

சாய்த்தான்.

நாலு சொட்டு... தரையில்!

உதடு தானாக முணுமுணுத்தது.

"ஆண்டவன் மன்னிக்கட்டும்."

சுத்தமான பல்கேரிய மொழியில்! அதுவும் வ்ராட்சா இழுவையோடு!

கிளாஸ் உதட்டுக்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. அவனுக்கே புரிந்துவிட்டது.

"கெல்லர் சார்!" கோச்செவ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "நல்ல உச்சரிப்பு! வியன்னாவுல யார் சார் வாத்தியாரு?"

"நான்... டூரிஸ்ட். புத்தகத்துல படிச்சது."

"வார்த்தையைப் படிக்கலாம். தரையில ஊத்தறதையுமா படிச்சீங்க? அதுவும் போனைப் பார்த்துக்கிட்டே?"

"நீங்க யாரு?"

"போலீஸ்."

அவன் சட்டென்று எழுந்தான். பெட்டியைத் தூக்கினான்.

"என் தூதரகத்துக்குப் பேசணும். ஒயின் சிந்தறது குற்றமா? நான் ஏர்போர்ட்டுக்குப் போகணும்."

கோச்செவ் தலையைச் சொறிந்தார். சிந்தியது குற்றமில்லைதான். அவன் வாசலை நோக்கி நடந்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் தெரு. அப்புறம் ஏர்போர்ட். அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்கமாட்டான்.

மடாரென்று ஒரு சத்தம்! ராலிட்சாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது.

"அண்ணா...!"

ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"வெசெலின் அண்ணா! பத்து வருஷம் எங்கேண்ணா போனே!"

டென்மார்க் கிழவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார்! இவன்தான் சார் என் அண்ணன்! ப்ளாமெனை உயிரோட கொளுத்திட்டு ஓடினவன்! விட்டுடாதீங்க சார்!"

கோச்செவுக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்தது. மீசைக்கு அடியில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விலங்கை எடுத்தார்.

"கூடப்பிறந்தவளே அடையாளம் காட்டறா. வெசெலின்! ப்ளாமென் கராஜோவைக் கொலை பண்ணினதுக்காக உன்னைக் கைது பண்றேன். ஆயுள் தண்டனை நிச்சயம்."

"பைத்தியமா இவளுக்கு? நான் வெசெலின் இல்லை!"

இங்கிலீஷ் பறந்துவிட்டது. வ்ராட்சா பேச்சு தாண்டவமாடியது!

"பின்னே யாரு, கெல்லரா? கெல்லருக்கு இவ்வளவு ஜோரா நம்ம பேச்சு வருமா?"

அவன் நெற்றியில் வியர்வை.

"பேர் சொல்லு. சொல்லலைன்னா நீ வெசெலின்தான்."

"நான்... நான் ப்ளாமென்!"

"எந்த ப்ளாமென்?"

"ப்ளாமென் கராஜோவ்! உயிரோட நிக்கறேன் சார்! நான் சாகவே இல்லை! என்னை நானே எப்படிக் கொல்ல முடியும்?"

"நியாயம். அப்போ அந்தக் கார்ல எரிஞ்சது யாரு?"

"எ... எவனோ திருடன். என் காரைத் திருடிட்டுப் போனான்."

"உன் மோதிரத்தையும் போட்டுக்கிட்டா? இந்தக் கதையெல்லாம் வேணாம் வெசெலின்."

"ஐயோ, நான் வெசெலின் இல்லை சார்! என் பொண்டாட்டியைக் கேளுங்க! ஸ்தேஃப்கா சொல்லுவா!"

"கேட்டுடலாமே!"

கோச்செவ் தன் போனிலிருந்தே பேசினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஸ்தேஃப்கா மேடமா? இன்ஸ்பெக்டர் கோச்செவ். உங்க புருஷன் ப்ளாமென்னு சொல்லிக்கிட்டு இங்கே ஒருத்தன் மாட்டியிருக்கான்."

அவன் போனை நோக்கி எட்டினான்.

"ஸ்தேஃப்கா! நான்தான்டி! சொல்லுடி!" என்று அவன் கத்தினான்.

"என் புருஷன் செத்து பத்து வருஷமாச்சு சார்" என்றது குரல், நிதானமாக. "இப்பத்தான் அவர் கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன். இவன் எவனோ ஃபிராடு. நல்லா உதைங்க."

டொக்!

அவன் முகம் வெளிறியது. அப்புறம் சிவந்தது.

"அடிப்பாவி! என்னைக் கழட்டி விடறியா? சார், எல்லாம் அவ போட்ட திட்டம் சார்! வெசெலினுக்குக் காபியில மாத்திரை கலந்தவளே அவதான்! அவன் மயங்கினதும் என் மோதிரத்தைக் கழட்டி அவன் விரல்ல மாட்டினதும் அவதான்! நான் அவனைக் கார்ல தூக்கி வெச்சு... தீ மட்டும்தான்..."

நிறுத்தினான்.

"தீ மட்டும்தானே?" என்றார் கோச்செவ். "சின்ன விஷயம்!"

ராலிட்சா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் ஓடவில்லை. ஊர் ஊராக ஒளியவும் இல்லை. இந்தப் பத்து வருஷமும் சொந்த ஊர் மண்ணிலேயே, தன்னைக் கொன்றவனின் பெயருக்கு அடியில் படுத்துக்கிடந்திருக்கிறான். அவளுக்கு அழுகை பொங்கியது. கூடவே ஒரு குரூரமான சந்தோஷமும். இரண்டையும் அவள் அடக்கவில்லை.

*

விரல் ரேகை பேசியது. ப்ளாமெனேதான்! ஸ்தேஃப்காவை ஏர்போர்ட்டில் பிடித்தார்கள். கையில் வியன்னாவுக்கு டிக்கெட். அவளைக் கூட்டிப்போகத்தான் அவன் வந்திருந்தான்; அன்று காலை அவன் போனுக்கு வந்த மெசேஜும் அவளுடையதுதான். கல்லறையைத் தோண்ட நீதிமன்றம் உத்தரவு போட்டது.

நீதிமன்ற வாசலில், ஜீப்பில் ஏற்றும்போது அவன் ராலிட்சாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"பொய் சொல்லி மாட்டிவிட்டியேடி! நான் உன் அண்ணன் இல்லைன்னு உனக்கு நல்லாத் தெரியும்!"

"தெரியும். என் அண்ணன் மனுஷன்."

"என்னைக்காவது வெளியே வருவேன். அன்னைக்கு இருக்கு உனக்கு!"

"வா, தாராளமா வா." ராலிட்சா அவன் காதருகே குனிந்தாள். "அண்ணனை எடுத்து எங்கம்மா பக்கத்துல படுக்க வைக்கப் போறேன். உன் பேர் வெட்டின கல்லு சும்மாதான் கிடக்கும். நல்ல பளிங்கு. உனக்காகப் பத்திரமா எடுத்து வைக்கறேன்..."

சிரித்தாள்.

"செத்த தேதியை மட்டும் மாத்தினாப் போதும்!"