வத்தலக்குண்டு சார்ஜர்

சார்ஜரின் சிவப்பு விளக்கு சீராக எரியவில்லை. மங்கியது, மெல்லப் பிரகாசமானது, மறுபடி மங்கியது. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்று அறையை இருட்டாக்கியிருந்ததால்தான் அது லீமாவின் கண்ணில் பட்டது. கரண்ட்டு ஏறி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். நவம்பர் மழையில் கொடைக்கானல் கரண்ட்டு ஒழுங்காக வந்தால்தான் அதிசயம். ஆனாலும் தலைக்கு மேலே தொங்கிய பல்பை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

கட்டிலில் எட்டு மாதக் குழந்தை எஸ்தர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கினாள். கம்பளிக்கு வெளியே உச்சந்தலை முடி மட்டும் தெரிந்தது. யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை, அடுப்பிலிருந்து வந்த ஈர விறகின் புகை, அதற்கும் அடியில் புதிதாக ஒன்று, சூடேறிய ரப்பரின் வாசனை. சத்தம் மட்டும் எதுவும் இல்லை. காது மெஷின் இல்லாவிட்டால் லீமாவுக்கு உலகம் இப்படித்தான். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரில் இருப்பவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. அங்கே பாடம் எடுத்த அமெரிக்கக்கார அம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த மெஷின். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதைத் துணிப்பையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வயரைக் காதில் சொருக வேண்டும். கூடவே அதற்குள் போடுகிற, பச்சைப் பட்டை போட்ட இரண்டு பேட்டரி செல், அவற்றுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு சார்ஜர். சார்ஜரும் அமெரிக்காதான். நம்ம ஊர் கரண்ட்டில் பாதிதான் அதற்குத் தாங்கும். இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான் இருக்கிற வீட்டிலெல்லாம் கரண்ட்டைப் பாதியாக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி ஒன்றும் இருக்கும். லீமா வீட்டிலும் இருந்தது. அதைத்தான் அவள் புருஷன் ஞானமுத்து பக்கத்து வீட்டு அமெரிக்க மிக்சிக்கு இரவல் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்து, சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினான். புகை வந்தது, அவ்வளவுதான். ஐந்து வருஷம் உழைத்த சார்ஜர் ஐந்து நொடியில் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூட ஜீப்பை ஓட்டுகிறவன் அவன்தான். போன சனிக்கிழமை வத்தலக்குண்டுக்கு அரிசி எடுக்கப் போனவன், குற்றமுள்ள மூஞ்சியோடு இந்தத் தகரப் பெட்டியை வாங்கி வந்தான். ரேடியோ ரிப்பேர் கடை மயில்சாமி தானே கையால் செய்த சார்ஜர்.

"மூணு வச்சிருந்தாரு. ரெண்டு கனமா கெடந்துச்சு. இது வயரைச் சொருகுறதுக்கு முன்னாடியே லைட்டு எரிஞ்சுச்சு பாத்துக்க. உசுருள்ள சாமான்னு எடுத்துட்டேன்" என்றான்.

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"கனமானதுல ஒண்ண எடுத்துட்டுப் போங்கன்னாரு. நாந்தான் கேக்கல. அப்புறம் வழக்கமாச் சொல்றதுதான். ஈரக்கையோட தொடாதீங்க, ராத்திரி முச்சூடும் மாட்டாதீங்க, கைப்பிள்ள பக்கத்துல வைக்காதீங்க."

ஷாக் அடிக்கும் என்பதற்காகச் சொல்லியிருப்பார் என்று இருவரும் நினைத்தார்கள். அந்த வீட்டில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். கட்டிலின் தலைமாட்டில்.

அதனால் இத்தனை நாளாக அதை அவள் தொடவில்லை. செல்லில் இருந்த சொச்சத்தை வைத்தே, ஓட்டியும் நிறுத்தியும் சமாளித்தாள். இன்று காலை நர்ஸ் உபகாரம் சிஸ்டர் வந்து குழந்தையின் நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்தபோது மெஷின் செத்துப்போயிருந்தது. சிஸ்டர் அவளை நேராகப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்.

"தூங்கட்டும். எழுப்பாத. பனியில வெளிய தூக்காத. ஆனா மூச்ச மட்டும் காதுகுடுத்துக் கேட்டுக்கிட்டே இரு. விசிலடிக்கிற மாதிரி சத்தம் வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. தூக்கிட்டு வெரசா ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்துரணும். கேக்குதுல்ல?"

லீமா தலையாட்டினாள். செல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. காது கேட்காதவளுக்குப் பிள்ளை எதற்கு, மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று ஏற்கனவே பேசுகிறவர்கள் உண்டு.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா லீமா, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம். வத்தலக்குண்டு போன ஒன் வீட்டுக்காரரு ஜீப்ப அங்கிட்டே விட்டுட்டு நடந்துதான் வரணுமாம். எனக்கு சமையக்கட்டுல சோலி கெடக்கு. பிள்ள சத்தம் கேக்குதுல்ல?"

"கேக்குதுக்கா."

அவள் போனதும் லீமா செல்கள் இரண்டையும் எடுத்து அடுப்பு மேட்டில் வைத்தாள். மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் டார்ச் செல்லை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்பார்கள். வெயில் இல்லாத இந்த ஊரில் அடுப்புத்தான். சூடான செல் பத்து நிமிஷம் பேசிவிட்டு ஓய்ந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் குழந்தையின் மூச்சில் லேசாக ஒரு கரகரப்பு கேட்டது. விசிலா, வெறும் சளியா என்று புரிபடுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் முக்காலி மேல் வைத்து, செல்லைப் போட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிளக்கைச் சொருகினாள். அப்போது மணி ஒன்று.

இப்போது மூன்றேகால். விளக்கு மங்கியது, பிரகாசமானது. லீமா குனிந்து கம்பளிமேல் உள்ளங்கையை வைத்தாள். குழந்தையின் முதுகு மெல்ல எழுந்தது. விளக்கு பிரகாசமானது. முதுகு தாழ்ந்தது. விளக்கு மங்கியது. அவள் பத்து வரைக்கும் எண்ணினாள். பத்து தடவையும் இரண்டும் ஒன்றாகவே போயின. குழந்தை தூக்கத்தில் இரண்டு தடவை இருமியது. உடம்பு அதிர்ந்தது கையில் தெரிந்தது. விளக்கும் இரண்டு தடவை துடித்தது.

"சும்மா இரு லீமா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

நாலு மணிக்குச் செல்களை வெளியே எடுத்தாள். அவை சூடாக இருந்தன. அடுப்புச் சூடு இல்லை, காய்ச்சல்காரனின் கையைத் தொட்டமாதிரி இருந்தது. மெஷினில் போட்டு, வயரைக் காதில் சொருகி, சத்தம் கூட்டுகிற சக்கரத்தைத் திருகினாள். சேலை உரசும் சத்தம், தகரக் கூரையில் பனி சொட்டும் சத்தம், விறகு வெடிக்கும் சத்தம் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே மூச்சு. குழந்தையின் மூச்சு. விசில் இல்லை, கரகரப்பும் இல்லை, பால் குடித்த பிள்ளை தூங்குவதுபோல் அத்தனை சீராக.

லீமா முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். எழுப்பாதே என்று சிஸ்டர் சொன்னதை நினைத்து, குழந்தையைத் தொட நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். எழுந்து போய் அரிசி களைந்தாள், துணி மடித்தாள், கஞ்சி வைத்தாள். மூச்சு கூடவே வந்தது. இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தை அவள் தின்னாத குறை.

ஆறு மணிக்குத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக் குழாய்க்குப் போனவள், குடத்தை வைத்துவிட்டு நின்றாள். வெள்ளைப் பனி கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. கட்டிலிலிருந்து இருபது அடி தள்ளி வந்தாயிற்று, நடுவில் இரண்டு சுவர். அடுப்படி வாசலைத் தாண்டினாலே குழந்தை வீறிட்டு அழுவதுகூட இந்த மெஷினுக்கு எட்டாது.

மூச்சு குறையவில்லை. அதே அளவு. அதே சீர். காதோடு ஒட்டி.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அறை நன்றாக இருட்டியிருந்தது. பல்பு வெளிச்சம் பனி புகுந்ததில் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. முக்காலி மேல் தகரப் பெட்டி. பிளக்கைப் பிடுங்க மறந்திருந்தாள். செல் வைக்கிற பள்ளம் இரண்டும் காலி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரகாசமாக. மங்கி. பிரகாசமாக.

லீமா ரவிக்கைக்குள் கையை விட்டு மெஷினின் சக்கரத்தைத் திருகி அணைத்தாள்.

மூச்சு கேட்டது.

காதிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

கேட்டது. பதினைந்து வருஷமாகச் செத்துக்கிடந்த காதில், மெஷின் இல்லாமல், வயர் இல்லாமல். உள்ளே. வெளியே.

கட்டிலுக்குப் போக அவளுக்கு நாலு எட்டு. போனாள். கம்பளியை விலக்கினாள். உள்ளங்கையை முதுகில் வைத்தாள்.

எழவில்லை.

திருப்பினாள். கழுத்து தொய்ந்தது. கன்னத்தில் கை வைத்தாள். குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரமாக? நாலு மணியிலிருந்தா? துணி மடிக்கும்போதா? கஞ்சி கிண்டும்போதா?

காதில் மூச்சு. பால் குடித்த பிள்ளையின் மூச்சு.

அவள் கத்தினாள். தொண்டை கிழிவது தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. பாய்ந்து பிளக்கைப் பிடித்து இழுத்தாள். பாதி வெளியே வந்தது.

மூச்சு திக்கியது. இழுத்தது. விசில்.

சிஸ்டர் சொன்ன அதே விசில். நீளமாக. பிறகு ஒரு அழுகை, உடைந்து, மூழ்குவதுபோல. எஸ்தரின் அழுகை. அவளுக்குத் தெரியாதா? பெற்றவளுக்குத் தெரியாதா?

இரண்டு கையாலும் பிளக்கை உள்ளே அழுத்தினாள்.

விசில் நின்றது. மூச்சு வந்தது. விளக்கு பிரகாசமானது. மங்கியது.

"இருடி தங்கம். அம்மா விட மாட்டேன். இருடி."

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓடினால் இதை யார் பிடித்துக்கொள்வது? பழைய பிளக், கையை எடுத்தால் லேசாக நழுவியது, நழுவும்போதெல்லாம் விசில் தலைகாட்டியது. கந்தம்மாக்கா என்று கத்தினாள். யாரும் வரவில்லை. தகரம் சூடேறியது. ரப்பர் வாசனை மூக்கை அடைத்தது. வயரின் தோல் விரலுக்கடியில் இளகியது. அவள் இன்னும் அழுத்தினாள். வெளியே காற்று எழுந்தது ஜன்னல் கண்ணாடியின் அதிர்வில் தெரிந்தது. காற்றடித்தால் கம்பியில் மரக்கிளை விழும். கிளை விழுந்தால் கரண்ட்டு போகும். இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மேலே பல்பு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது.

"ஆண்டவரே வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

கதவு திறந்தது. ஞானமுத்து. தலையிலிருந்து கால்வரை சேறு. கக்கத்தில் நியூஸ்பேப்பர் சுற்றிய கனமான பொட்டலம். அவன் வாய் அசைந்தது. அவள் உதட்டைப் பார்த்தாள்.

"அதப் பிடுங்கு லீமா! அதுக்குப் பதிலா கனமானதுல ஒண்ணக் குடுத்துவிட்டுருக்காரு மயில்சாமி. அத ஒடனே கொண்டாந்துருன்னாரு. பிள்ள பக்கத்துலயா வச்ச?"

"தொடாதீங்க! அவ இதுலதான் இருக்கா. தொடாதீங்க!"

அவன் அவளைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். பொட்டலம் கீழே விழுந்தது. கட்டிலில் விழுந்து பிள்ளையை வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டான். அவன் தலை முக்காலிக்குப் பக்கத்தில், தகரப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. வாய் பெரிதாகத் திறந்திருந்தது. அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பல்பு அணைந்தது.

இருட்டு. அடுப்பு நெருப்புகூட இல்லை. மூச்சு நின்றது. அவள் காது பழையபடி கல்லாயிற்று. ஒன்று எண்ணினாள். இரண்டு. மூன்று. செத்த பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கர்த்தரையும் மாதாவையும் கூப்பிட்டாள். ஏழு. எட்டு.

விளக்கு எரிந்தது.

கரண்ட்டு இல்லாத சுவரில், கரண்ட்டு இல்லாத வயரில், முன்பைவிட நன்றாக எரிந்தது. அந்தச் சிவப்பில் கட்டிலின் விளிம்பு தெரிந்தது. ஞானமுத்து அழுவதை நிறுத்தியிருந்தான். கை சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கண் பிதுங்கி அவளையே பார்த்தது. வாய் மீனின் வாய்போலத் திறந்து மூடியது. அவன் உதட்டில் அவள் ஒரே ஒரு சொல்லைப் படித்தாள். பிடுங்கு.

அவள் காதில் மூச்சு திரும்பி வந்தது. சீராக, விசில் இல்லாமல். அதற்குப் பக்கத்தில், புதிதாக, கனத்த ஆண்மூச்சு ஒன்று.

லீமா பிளக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.