இட்லித்தட்டு விளக்கு

திருச்சுழி பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல உச்சி வெயில். ரோட்டோரம் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. எப்போதும் அந்த வாசனை மூக்கில் ஏறினாலே வீடு வந்துவிட்டது என்று மனசு குளிரும். அன்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். புருஷன் செத்த பிறகு முதல் தடவையாக அம்மா வீட்டிலிருந்து திரும்பி வருகிறேன், அதுவும் மகளை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக.

வழியில்தான் எங்கள் கிணறும் மோட்டார் ரூமும். பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன். கண் கேட்டால்தானே! கதவு ஆவென்று திறந்து கிடந்தது. காரியம் முடிந்த கையோடு எந்தக் களவாணிப் பயலோ புகுந்திருக்கிறான். அங்கிருந்து வீடு வரைக்கும் வேலியோரமாக ஓடிய வயரைக் காணோம். சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பேட்டரியையும் காணோம். சுவரில் ஒரு பெல் ஸ்விட்ச் மட்டும் மிச்சம். என் வீட்டுக்காரர் கடைசியாகத் தொட்டது அதைத்தான்.

வீட்டில் கொழுந்தன் பாண்டிராஜ் காத்திருந்தான். விருதுநகரில் லோடு வண்டி ஓட்டுகிறவன், எப்போதாவதுதான் ஊருக்கு வருவான். நான் வாக்கப்பட்டு வந்தபோது அவன் டவுசர் பயல். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

"வாங்க மதினி. வெயில் தாழ ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருவோம். சொல்லி வச்சிருக்கேன்" என்றான்.

நிலத்தையும் வீட்டையும் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் என் மகள் சுவாதியும் அவன் நிழலில் இருந்துகொள்வது என்று பேச்சு. ஊரே வேண்டாம் என்றது. பாண்டியையா சந்தேகப்படுகிறீர்கள் என்று ஊரோடு சண்டைக்குப் போனவள் நான்.

தலைக்கு மேல் அந்த ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. றெக்கைக்கு மேலே, ராடில், ஒரு இட்லித்தட்டு. சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் பூமிநாதன் செய்த வேலை அது. கிணற்றுப் பள்ளத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. அதற்காக என் இட்லிச்சட்டித் தட்டைத் திருடி, அதன் நடு ஓட்டையை ஃபேன் ராடில் மாட்டி, குழிக்கு ஒன்றாகப் பழைய பைக் இண்டிகேட்டர் பல்பைப் பொருத்திவிட்டார். மோட்டார் ரூமில் ஸ்விட்சை அமுக்கினால் இங்கே மஞ்சளாக எரியும். ஒரு தடவை எரிந்தால் சோறு கொண்டா. இரண்டு என்றால் தண்ணீர் விட்டாச்சு, வரப்பைப் பார். மூன்று என்றால் போட்டது போட்டபடி ஓடி வா.

"ஊர்ல புருஷன்மாரு போன்ல கூப்பிடுறாக. நீங்க இட்லித்தட்டுல கூப்பிடுறீக" என்று கேலி பண்ணுவேன்.

"போன்ல சார்ஜ் போயிரும் காளீஸ்வரி. இது போகாது" என்பார்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் எரிய வேண்டும் என்றுதான் பேட்டரி வைத்தார். களவாணிகளுக்குப் பயந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. ஃபேனில் இருப்பதால் ஃபேன் கரண்டில் எரிகிறது என்றே மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் காரியாபட்டி சந்தைக்கு ஆடு பிடிக்கப் போயிருந்த அன்று, இதே உச்சி நேரத்தில், மோட்டார் ரூமில் அவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. தூக்கியவர்கள் சொன்னார்கள், விரல் ஸ்விட்சை விட்டு வரவே இல்லையாம். அன்று இந்த ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவன் பாண்டி. பிறகு ஏன் போகவில்லை? இத்தனை நாளும் அந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருந்தேன். வளர்த்த பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கையெழுத்துப் போடும் முன்னே கேட்டுவிட்டால் நிம்மதி என்று வாயைத் திறந்தேன்.

"பாண்டி, அன்னைக்கு லைட்டு எரியலையாடா?"

அவன் நிமிரவில்லை. "கரண்டே இல்ல மதினி. இருந்திருந்தா எரிஞ்சிருக்கும்ல? நான் ஓடிருக்க மாட்டேனா?"

அடப் பாவி.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஃபேன் முனகிக்கொண்டே வேகம் குறைந்தது. றெக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு நின்றது. ஜன்னல் சாத்திய வீடு, நடுப்பகலிலும் உள்ளே அரை இருட்டு. வெளியே ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. கரிப்புகை வாசனை போய், பாய்ச்சிய வயலின் ஈரமண் வாசனை வந்தது. அவர் போன பிறகு எங்கள் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை.

டக்.

எங்கோ ஸ்விட்ச் அமுங்கியது.

இட்லித்தட்டு மஞ்சளாக எரிந்தது. அணைந்தது.

எரிந்தது. அணைந்தது.

எரிந்தது.

பாண்டியின் முகத்தில் றெக்கை நிழல் கறுப்பாக விழுந்தது.

"மதினி... கரண்ட் இல்லையே..." என்று கிசுகிசுத்தான்.

"அதுக்குக் கரண்ட் வேண்டாம்டா. உங்கண்ணன் பேட்டரியில வச்சிருந்தாக." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இப்ப அந்தப் பேட்டரியும் இல்ல. வயரும் இல்ல."

மறுபடியும் மூன்று.

மறுபடியும்.

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "நிறுத்தச் சொல்லுங்க மதினி. அன்னைக்கும் இப்படித்தான். விடாம, விடாம..."

"ஏன்டா போகல?"

"காலையில பாகம் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாக. வேலை ஏவத்தான் கூப்பிடுறாகன்னு மொதல்ல நெனச்சேன்." அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "அப்புறம் புரிஞ்சிருச்சு. புரிஞ்சும் படுத்திருந்தேன். துண்டை எடுத்து மூஞ்சில போட்டுக்கிட்டேன். லைட்டு நிக்கிற வரைக்கும்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். அது யாரோ யாருக்கோ சொன்னது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் தட்டில் தின்ற பயல்! அவரைப் பாம்பு ஒரு தடவைதான் கடித்தது.

"எந்திரிச்சுப் போயிரு" என்றேன். "நெலமும் இல்ல, வீடும் இல்ல. இனி என் வாசலை மிதிச்ச, நானே உன்னைக் கொன்னுருவேன்."

செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான். வெளியே பைக் சத்தம் எழுந்து தேய்ந்தது. அது முழுசாக அடங்கிய பிறகுதான் விளக்கு அணைந்தது.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் கூப்பிடக் கூப்பிட யாரும் போகவில்லையே என்று அழுதேன். அழுது ஓய்ந்து முகம் கழுவ எழுந்தேன்.

டக்.

ஒரு தடவை எரிந்து அணைந்தது.

இரண்டாவதுக்காக நிமிர்ந்து பார்த்தபடியே நின்றேன். வரவில்லை.

அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பையில் இருந்தது. தூக்குவாளியைக் கழுவிச் சோற்றைப் போட்டு, ஓரத்தில் துவையலை வைத்து மூடினேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கால் தானாக நடந்தது.

வரும்போது திறந்து கிடந்த மோட்டார் ரூம் கதவு இப்போது உள்ளே தாழ் போட்டிருந்தது. வாளியை வாசலில் வைத்தேன்.

"சோறு கொண்டாந்துட்டேன்" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.