ஒன்பது சீட்டு விமானமும் காணாமல் போன நாலு பெல்ட்டும்

காலை 8.10.

விமானக் கதவில் ஒட்டியிருந்த காகித முத்திரையை மேனேஜர் ரகுநாத் பிளேடால் கீறினார். கதவைத் திறந்து குனிந்து உள்ளே போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தலையை வெளியே நீட்டி, "பெல்ட்டக் காணோம்! பின்னாடி நாலு சீட்டுலயும் பெல்ட்டக் காணோம்!" என்று கத்தினார்.

கீழே நின்றவர்கள் இரண்டே பேர். டெக்னீஷியன் பிரகதீஸ்வரி, வாட்ச்மேன் அய்யாக்கண்ணு. அந்த பெல்ட்டுகளை மாட்டியவள் பிரகதீஸ்வரிதான். மாட்டினேன் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

திருமயத்துக்குக் கிழக்கே, பொட்டல் நடுவே ஒரு பழைய ஓடுதளம். அதன் ஓரத்தில் இந்தத் தகர ஷெட். உள்ளே நிற்பது வெள்ளாறு ஏர் என்ற சின்னக் கம்பெனியின் ஒரே விமானம். ஒன்பது பேர் உட்காரலாம். ஒரு மினி பஸ்ஸில் பாதிகூட இராது. இந்த மாதிரிச் சின்ன விமானங்களுக்கு மூன்று மாற்றங்கள் கட்டாயம் என்று உத்தரவு வந்திருந்தது. சீட்டுக்குச் சீட்டு, தோளில் குறுக்கே போடும் பெல்ட்டு. சட்டென்று தீப்பிடிக்காத உறை. மூன்றாவது, அவசர ஜன்னல். இதுவரை அது உள்ளே இருந்து மட்டும்தான் திறந்தது. இனிமேல் வெளியே இருந்தும் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் மயங்கிக் கிடந்தால் காப்பாற்ற ஓடி வருகிறவன் வேறு எப்படித் திறப்பான், சொல்லுங்கள்?

மூன்றும் முடிந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. பார்த்துச் சான்று கொடுக்கச் சென்னையிலிருந்து ஆபீசர் அன்றைக்கு மாலை மூன்று மணிக்கு வருகிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரோடு முதல் பயணம்.

காலை 9.40.

சப் இன்ஸ்பெக்டர் ரோஷன் பேகம் ஜீப்பை விட்டு இறங்கியபோதே எரிச்சலின் உச்சியில் இருந்தார். விடிந்ததும் விடியாததுமாகத் திருமயம் கோட்டை வாசலில் இரண்டு டூரிஸ்ட் பஸ் உரசிக்கொண்ட பஞ்சாயத்து. குடித்த டீ பாதியில் ஆறிப்போயிற்று. இப்போது பெல்ட்டு.

"ஏம்ப்பா செம்மல், சங்கிலியக் காணோம்னு வருவாங்க, ஆட்டக் காணோம்னு வருவாங்க. பெல்ட்டக் காணோம்னு முப்பது வருச சர்வீசுல இப்பத்தான்யா கேக்குறேன்."

"கலெக்டர் ஆபீசுலேருந்தே போன் பண்ணிட்டாங்க மேடம்," என்றார் கான்ஸ்டபிள் செம்மல்.

"அது வேறயா!"

ரகுநாத் ஓடி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன்.

"வாங்க மேடம். யாரும் எதையும் தொடல. நீங்களும் தொட்டுராதீங்க. குறிப்பா அந்த ஜன்னல். கைரேகை இருக்கும். எஃப்.ஐ.ஆர் நகல் மூணு மணிக்குள்ள கெடைச்சிருமில்ல?"

"நான் இன்னும் செருப்பே கழட்டலங்க."

"இல்ல மேடம், கேசு தெளிவா இருக்கு. நேத்து சாயங்காலம் ஆறு அஞ்சுக்குக் கதவைப் பூட்டி சீல் வச்சோம். நானும் கையெழுத்து, பிரகதீஸ்வரியும் கையெழுத்து. காலையில சீல் கிழியாம இருந்துச்சு. அப்ப திருடன் எப்படி வந்தான்? அவசர ஜன்னலை வெளியிலேருந்து தெறந்துதான் வந்திருக்கான். அத அப்படியே எஃப்.ஐ.ஆர்ல போட்டுருங்க. 'வெளியிலேருந்து தெறந்து'. அந்த வார்த்தை முக்கியம்."

"எனக்கு எழுதச் சொல்லிக் குடுக்க ஏற்கெனவே ஒரு டி.எஸ்.பி இருக்காரு. நீங்க இங்கிட்டு நில்லுங்க."

ரோஷன் பேகம் விமானத்தைச் சுற்றி வந்தார். முட்டி வலியில் மெதுவாகத்தான் வந்தார். விமானத்தின் மூக்கில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சக்கரத்தின் அடியில் நசுங்கக் காத்திருக்கும் எலுமிச்சம்பழம். கதவின் மேல் ஒரு பொட்டு. வால் பக்கம் மூன்று பொட்டு. அவசர ஜன்னலில் பளபளவென்று சிவப்புக் கைப்பிடி, பக்கத்தில் 'இழுக்கவும்' என்று அம்புக்குறி. ஜன்னலும் விமானத்தின் உடம்பும் சேரும் விளிம்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் காய்ந்த சந்தனப் பொட்டு.

"இதையெல்லாம் தொடைச்சிரச் சொன்னேன் மேடம்," என்றார் ரகுநாத் பின்னாலேயே வந்து. "ஆபீசர் சிரிப்பாரு. இந்தப் பொண்ணு கேட்டாத்தானே?"

"உங்கள அங்கிட்டு நிக்கச் சொன்னேன்."

"இங்கிட்டுன்னு சொன்னீங்க மேடம்."

"இப்ப அங்கிட்டு!"

காலை 10.15. முதலில் பிரகதீஸ்வரி. கீரனூர்க்காரி, இருபத்தொன்பது வயது. கண் சிவந்திருந்தது.

"பெல்ட்டக் கடைசியா எப்ப பாத்தே?"

"நேத்து அஞ்சரைக்கு மேடம். ஒம்போதும் மாட்டி, ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்து எறங்குனேன்."

"கழட்ட எவ்வளவு நேரம் புடிக்கும்?"

"ஒரு பின்னுதான். அழுத்துனா வந்துரும். தெரிஞ்சவங்களுக்கு நாலுக்கும் சேத்து அஞ்சு நிமிசம்."

"தெரிஞ்சவங்க யாரு?"

அவள் தலை குனிந்தாள். "நானும் மேனேஜரும்தான்."

"ஜன்னல் வேலை நீ பாத்ததா?"

"இல்ல மேடம். போன வாரம் அக்கா கொழந்தைக்குப் பேரு வைக்க ரெண்டு நாள் லீவு. அப்ப வெளியாளை வச்சு மேனேஜரே முடிச்சிட்டாரு. ரிஜிஸ்டர்ல மூணாவது வரியில அவரு கையெழுத்து மட்டுந்தான்."

"நீ தெறந்து பாத்தியா?"

"பசை காயணும், ஆபீசர் வர்ற வரைக்கும் தொடாதேன்னாரு."

"சொன்னாரு, நீயும் விட்டுட்டே. பெல்ட்ட ஒம்போது தடவை இழுத்துப் பாத்த கைக்கு இத இழுத்துப் பாக்கத் தெரியல!"

பிரகதீஸ்வரி மெல்லச் சொன்னாள்: "மேடம், என் மேல திருட்டுக் கேசுன்னு ஒரு வரி எழுதுனாக்கூட என் லைசென்ஸ் போயிரும். எட்டு வருசப் படிப்பு மேடம்."

"அழுகாதே. எனக்கு அழுகையக் கண்டா இன்னும் எரிச்சல் வரும். சீல் வச்ச பிறகு என்ன பண்ணுனே?"

"நேத்து வெள்ளிக்கிழமை. மேனேஜர் கார் கெளம்புனதும் நானும் அய்யாக்கண்ணு அண்ணனும் சூடம் காட்டிப் பொட்டு வச்சோம். ஆறு இருபது இருக்கும்."

காலை 10.40. அய்யாக்கண்ணு. காக்கிச் சட்டைப் பையில் ஒரு நோட்டு.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விமான வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே எடுத்துப் போன ஸ்பானர் உள்ளேயே விழுந்து கிடந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் விமானத்தில் ஏறுகிறவர் கையில் என்ன, இறங்கும்போது என்ன என்று வாட்ச்மேன் எழுதியே தீர வேண்டும்.

"படிங்க," என்றார் ரோஷன் பேகம்.

"அஞ்சு முப்பது, பிரகதீஸ்வரி எறக்கம், டூல் பை ஒண்ணு. தெறந்து காட்டிருச்சு. அஞ்சு அம்பது, மேனேஜர் ஏத்தம், டார்ச் ஒண்ணு. ஆறு அஞ்சு, மேனேஜர் எறக்கம், டார்ச் ஒண்ணு."

"பதினஞ்சு நிமிசம் உள்ள தனியாவா இருந்தாரு?"

"ஆமாம்மா. சீல் ரிஜிஸ்டர எடுத்தாரச் சொல்லி பிரகதீஸ்வரிய ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. நான் படிக்கட்டுகிட்டயே நின்னேன்."

"எறங்குறப்ப டார்ச்சத் தவிர எதுவும் இல்லையா? சட்டைக்குள்ள, இடுப்புல?"

"இன் பண்ண சட்டைம்மா. பெல்ட்டு ஒவ்வொண்ணும் ரெண்டு முழம், நுனியில இரும்புக் கொக்கி. நாலை ஒளிச்சா அவரு கர்ப்பிணி மாதிரில்ல எறங்கியிருக்கணும்?"

செம்மல் சிரித்துவிட்டார். ரோஷன் பேகம் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ராத்திரி இங்க படுத்தீங்களா?"

"ஷெட்டுக்கு வெளியில, கேட்டுல. பின்பக்க வேலியில ஓட்டை இருக்கு. மூணு தடவை எழுதிக் குடுத்தும் அடைக்கல."

"அதச் சொல்லுங்க!" என்று ரகுநாத் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "வேலி ஓட்டை பிரகதீஸ்வரிக்குத் தெரியும். ப்ரமோஷன் குடுக்கலன்னு என் மேல கடுப்பு. ராத்திரி வந்து ஜன்னலைத் தெறந்து எடுத்திருக்கா. ப்ளேனுக்கு போலீஸ் சீல் வைங்க மேடம். கைரேகை ஆளுங்க வர்ற வரைக்கும் ஆபீசரக்கூடத் தொட விடாதீங்க."

"அவங்க வர ரெண்டு நாளாகும். பரவால்லியா?"

"பரவால்ல மேடம். நாலு நாளானாலும் பரவால்ல."

ரோஷன் பேகம் அவரை ஒரு கணம் பார்த்தார். நாளைக்கு ஒன்பது பேரை ஏற்ற வேண்டிய மேனேஜர் பெல்ட்டைத் தேடித் தரச் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நகலைத்தான் கேட்கிறார்.

"செம்மல், எல்லாரையும் ஜன்னல்கிட்டக் கூப்பிடு. போன்ல வீடியோ போடு."

காலை 11.05.

"இந்தப் பொட்ட எல்லாரும் பாத்தீங்க. நானும் பாத்தேன்," என்றார் ரோஷன் பேகம். "எங்க ஸ்டேஷன்ல வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஜீப்பு கதவு விளிம்புல இதே மாதிரி பொட்டு வப்பாங்க. பாதி கதவுல, பாதி பாடியில. மறுநாள் காலையில மொத மொதக் கதவத் தெறக்குறப்ப பொட்டு ரெண்டா வெடிச்சு என் யூனிபார்ம் மேலதான் உதிரும். பத்து வருசமாத் தட்டி விட்டுட்டு இருக்கேன். இந்தப் பொட்டு நேத்து ஆறு இருபதுக்கு வச்சது. பாதி ஜன்னல்ல, பாதி உடம்புல. ஒரு கீறல் இருக்கா பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கீறல் இல்லை.

"அப்ப ஆறு இருபதுக்கு மேல இந்த ஜன்னலை யாரும் தெறக்கல."

ரகுநாத் சட்டென்று சொன்னார்: "தெறந்து எடுத்துட்டு, புதுசா ஒரு பொட்டு வச்சிருப்பா."

"இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்," என்ற ரோஷன் பேகம், சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தார்.

"மேடம், கைரேகை! தொடாதீங்க!"

'இழுக்கவும்' என்று எழுதியிருந்தது. இழுத்தார்.

ஜன்னல் அசையவில்லை. கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

அதன் முதுகில் மஞ்சளாகக் காய்ந்த பசை. அது இருந்த இடத்தில் விமானத்தின் பெயின்ட் புத்தம் புதிதாக, ஒரு துளைகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. உள்ளே இருக்கும் தாழ்ப்பாளோடு இதைச் சேர்க்க ஒரு கம்பி வேண்டாமா? அந்தக் கம்பி போக ஓர் ஓட்டையாவது வேண்டாமா?

"ஐயோ," என்றாள் பிரகதீஸ்வரி.

"வெளியிலேருந்து யாராலயும் தெறக்க முடியாத ஜன்னல்," என்றார் ரோஷன் பேகம். "கதவுல சீல் கிழியல. அப்ப பெல்ட்டு சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே கழண்டிருக்கணும். அஞ்சரைக்கு ஒம்போதும் இருந்துச்சு; இல்லேன்னா அதுக்கப்புறம் ஏறிப் பாத்த மேனேஜர் சீல்ல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு. பிரகதீஸ்வரி டூல் பையைத் தெறந்து காட்டிட்டு எறங்கியாச்சு. அப்புறம் ஏறுனது ஒரே ஆளு. ஆனா அவரு டார்ச்சோடதான் எறங்குனாரு. அப்ப பெல்ட்டு எங்க? எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. செம்மல், ஏறி அந்த நாலு சீட்டு உறையையும் உருவு."

செம்மல் ஏறினார். பரக் பரக்கென்று ஒட்டுப் பட்டை பிரியும் சத்தம் நாலு தடவை கேட்டது. ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் ஒரு பெல்ட்டு, பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

ரகுநாத் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"ஜன்னல் சாமான் வெளிநாட்டுலேருந்து வர இன்னும் பத்து நாளாகும் மேடம். முதலாளி நெருக்குனாரு. வந்துரும்னு நம்பி முடிஞ்சதா எழுதிட்டேன். இன்னிக்கு ஆபீசர் இழுத்துப் பாப்பாரு. அதுக்குள்ள ப்ளேனுக்குப் போலீஸ் சீல் விழுந்துட்டா..."

"இழுத்துப் பாக்க மாட்டாரு. அது மட்டுமா? ஜன்னல் வெளியிலேருந்து தெறக்குதுன்னு நானே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருப்பேன். உங்க பொய்க்கு என் ஸ்டேஷன் முத்திரை! அதுக்கு இந்தப் பிள்ளை கழுத்து!" ரோஷன் பேகத்தின் குரல் கூரையில் இடித்தது. "நாளைக்கு ஒம்போது பேரு ஏறுறாங்கய்யா. ப்ளேன் கீழ விழுந்து, ஒருத்தன் ஓடி வந்து இந்தக் கைப்பிடிய இழுத்தா, அவன் கையில என்ன வரும்? இதுதான் வரும்!"

கைப்பிடியை ரகுநாத்தின் மடியில் எறிந்தார்.

பிற்பகல் 2.50. ரகுநாத் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருக்க, சென்னை ஆபீசர் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மூன்றாவது வரியில் இருந்த ஒற்றைக் கையெழுத்தைப் பார்த்தார். பிரகதீஸ்வரியின் லைசென்ஸுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிறகு, விமானம் பறக்காமல் நிறுத்தி வைக்கக் கட்டும் சிவப்பு அட்டை ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"மேனேஜர் இல்லைன்னா அடுத்த பொறுப்பு நீங்கதாம்மா. எழுதிக் கட்டுங்க."

அந்த நேரம் பார்த்து பிரகதீஸ்வரியின் போனில் முதலாளி கூப்பிட்டார். செம்மல் ஸ்பீக்கரில் போட்டார். "பிரகதீஸ்வரி, பெல்ட்டுதான் கெடைச்சிருச்சேம்மா. ஜன்னல் உள்ளேருந்து தெறக்குதில்ல? இந்த ஒரு ட்ரிப்பு மட்டும். அட்டை விழுந்துச்சுன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான். ஒனக்கும் வேலை இருக்காது, பாத்துக்க."

பிரகதீஸ்வரி ரோஷன் பேகத்தைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காதே," என்றார் அவர் சலிப்பாக. "எனக்கு பஸ் பஞ்சாயத்து பாதியில நிக்குது."

பிரகதீஸ்வரி அட்டையை முழங்காலில் வைத்து, 'பறக்கத் தகுதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். படியேறிப் போய்க் கதவுப் பிடியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

போட்டுவிட்டு, இழுத்துப் பார்த்தாள். நின்றது.