சாம்பல் தேசத்தில் இருவர்

மறதிக்கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் முன்னால் நின்ற பெண் ஒரு துப்பறியும் நாவலைப் பதினேழாவது முறையாக மறக்க வந்திருந்தாள். அவளுக்கு அடுத்து ஒரு குடும்பமே, ஏதோ பழைய சினிமாவின் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் வெட்டிக்கொள்ளக் காத்திருந்தது. நினைவுக் கத்தரி வந்து ஆறு வருடமாகிறது. ஊரில் யாரும் புதிதாக எதையும் தேடிப் போவதில்லை. பிடித்ததையே மறந்துவிட்டு, மறுபடி முதல் தடவையாக அனுபவிக்கிறார்கள்.

வைரவனுக்கு அறுபத்திரண்டு வயது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருமிக்கொண்டிருந்த இதாயத்துல்லாவுக்கும் அதே வயது. ஆனால் அவருக்கு டாக்டர்கள் மூன்று வாரம்தான் கொடுத்திருந்தார்கள்.

"என்னடா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சாகப்போறது நானா, நீயா?" என்றார் இதாயத்துல்லா.

"பேசாம இருடா. இருமல் வரும்."

அவர்கள் மறக்க வந்தது 'சாம்பல் தேசம்' என்ற பழைய கணினி விளையாட்டை. போரில் உலகமே எரிந்து முடிந்தபின், நிலத்தடிக் கிடங்கிலிருந்து மூன்று பாட்டில் தண்ணீரோடு வெளியே வருகிற ஒருவனின் கதை. எங்கே போவது, யாரை நம்புவது, யாருக்குத் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் ஆடுபவரின் முடிவு.

2003-இல், திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியின் ஒரே அறையில் இருந்தும் இருவரும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்ற சண்டை. ஒருநாள் இதாயத்துல்லா, பர்மா பஜாரில் வாங்கிய உறையில்லாத சிடி ஒன்றைக் கணினியில் போட்டார். திரையில் சாம்பல் காற்று வீசியது. எலும்பும் தோலுமான நாய் ஒன்று பாய்ந்தது. கட்டிலில் படுத்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த வைரவன் எழுந்து கத்திவிட்டார்: "ஓடுடா!"

அன்று இருவரும் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவில்லை. அதன்பின் ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் கையில் கீபோர்டு. ஒரே ஆள் மாதிரி நடந்தார்கள், சுட்டார்கள், செத்தார்கள். வைரவனின் மனைவி இறந்த அன்றுகூட இதாயத்துல்லா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தனை பாட்டில் மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணு" என்றார் வைரவன். சுற்றியிருந்த யாருக்கும் எதுவும் புரியவில்லை.

கத்தரியை இயக்கும் நப்பின்னை இருவர் நினைவுகளையும் அலசிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு சிக்கல் சார். இந்த விளையாட்டை இழுத்தா கூடவே நிறைய வருது. விளையாட்டு கலக்காத ஞாபகமா ஏதாவது சொல்லுங்க. அதை மட்டுமாவது பிடிச்சு வைக்கிறேன்."

இருவரும் யோசித்தார்கள். கல்யாணம், வேலை, ஆஸ்பத்திரி. எதைத் தொட்டாலும் அதில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"அப்போ ஒருத்தரை ஒருத்தர் மறந்துடுவீங்க. அப்புறம் நானும் சொல்லக்கூடாது. வெட்டினதைச் சொன்னா மூளை அந்த இடத்துல பொய்யைப் போட்டு நிரப்பிக்கும். அதனால சட்டமே தடுக்குது."

வைரவன் எழுந்துவிட்டார். "வேணாம்மா. வாடா, வீட்டுக்குப் போகலாம்."

இதாயத்துல்லா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், மூணு வாரம் மூஞ்சிய திருப்பிக்கிட்டிருந்த ரெண்டு பேரை அது ஒரே மத்தியானத்துல சேர்த்து வச்சுது. அதே விளையாட்டு, அதே ரெண்டு முட்டாப் பசங்க. மறுபடி சேர்க்காதா? எனக்கு எல்லாம் முடியுதுடா. இது ஒண்ணாவது ஆரம்பிக்கட்டுமே."

வைரவன் மறுபடி உட்கார்ந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வைரவன் ஒரு திரையின் முன் அமர்ந்திருந்தார். ஏதோ ஒரு விளையாட்டை மறக்க வந்தோம், மறந்தாயிற்று என்பது மட்டும் தெரிந்தது. முன்பதிவில் ஒரே கணினி, இரண்டு பேர் என்று இருந்ததாம். பக்கத்தில் யாரோ ஒரு நோயாளி கீபோர்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"சேர்ந்து ஆடுறதுல உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே சார்?" என்றது அவர் குரல்.

"அதெல்லாம் இல்லைங்க."

சாம்பல் காற்று வீசியது. வைரவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பெரிய உலகம், எவ்வளவு தனிமை! கத்தரி வாக்குத் தவறவில்லை. பத்தொன்பது வயதின் அதே திகைப்பு. நாய் பாய்ந்தது. பக்கத்து மனிதருக்கு இருமல் வந்து விசை தவறியது. கதாநாயகன் செத்தான். அடுத்த முறையும் அதேதான்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"பரவாயில்லைங்க. தப்பா நினைக்கலேன்னா, நான் தனியா ஆடிப் பார்க்கட்டுமா? நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்."

கீபோர்டு வைரவன் பக்கம் நகர்ந்து வந்தது. அந்த மனிதர் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார் போலிருக்கிறது. எப்போது போனார் என்று வைரவன் கவனிக்கவில்லை. கதவருகே நின்ற நப்பின்னை ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

விளையாட்டின் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், போனை ஊமையாக்கிவிட்டு எட்டு நாள் விடாமல் ஆடி முடித்தார். முடித்ததும் யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? ஒரு பெயரும் தோன்றவில்லை. போனை எடுத்தார். 'இதாயத்து வீடு' என்ற எண்ணிலிருந்து பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. யாரென்று விளங்காமலே திருப்பி அழைத்தார்.

"அண்ணே! எங்கண்ணே போயிட்டீங்க? அவங்க செவ்வாய்க்கிழமை மவுத்தாயிட்டாங்க. நீங்க வருவீங்கன்னு அஸர் தொழுகை வரைக்கும் காத்திருந்துட்டு அடக்கம் பண்ணிட்டோம்."

"அம்மா, நீங்க யாரைச் சொல்றீங்க?"



"நீங்களுமா அண்ணே?" என்றாள் இதாயத்துல்லாவின் மனைவி ஜுலைகா. "உங்ககூட விளையாடப் போறேன்னு கிளம்பினவங்க, திரும்பி வந்து 'வைரவனா, யாரு?'ன்னு என்னையே கேட்டாங்க. நோய் மூளைக்கு ஏறிடுச்சுன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான். 'அங்க ஒருத்தரைப் பார்த்தேன் ஜுலைகா. சின்னப் பையன் மாதிரி என்னமா ரசிச்சு ஆடுறார்! இன்னும் கொஞ்ச நாள் இருந்தா அவர்கூடப் பழகியிருக்கலாம்'னு."

வைரவன் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்த மனிதரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அதைக் கத்தரி வெட்டவில்லை. அன்று வைரவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.